நாய்க்கு யார் இட்ட பெயர்?

பிற்பகல் முதல் பாடவேளை. வெளியே குன்னத்துக் கரிசல் நிலம் வெயிலில் வெந்துகொண்டிருக்கிறது. உள்ளே எட்டாம் வகுப்பு மாணவர் உறக்கத்தோடு போராடிக்கொண்டிருக்கின்றனர். நாம் நடத்த வேண்டிய ஆங்கிலப் பாடமோ, வளர்த்தவன் இறந்த பின்னும் அவன் வரவை நோக்கிக் காத்துக் கிடந்த ஒரு நாயின் கதை. நல்ல கதைதான். ஆயினும் உண்ட மயக்கத்தின் முன் எந்த நாயின் நன்றியும் எடுபடாது என்பதை ஆசிரியத் தொழிலில் அடியெடுத்து வைத்த எவரும் அறிவர். எனவே பாடநூலை மூடி வைத்தோம். கரும்பலகையில் 'டாக்' என்னும் ஒற்றைச் சொல்லை எழுதினோம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம்.

ஒருவருக்கும் தெரியவில்லை. அதில் வெட்கப்பட ஏதுமில்லை, ஆங்கிலேயருக்கே தெரியாது! பழைய ஆங்கிலத்தில் நாய்க்குப் பொதுப்பெயர் 'ஹுண்ட்' என்பதாகும். செருமானியர் இன்றும் அப்படித்தான் அழைக்கின்றனர். 'டொக்கா' என்ற மற்றொரு சொல் அந்நாளைய ஏடுகளில் மிக அருகியே காணப்படுகிறது. பெரிய வீட்டுச் சொல்லன்று அது. வாசலில் கிடந்த சொல். ஆயினும் பதினாறாம் நூற்றாண்டளவில் அந்த வாசற்சொல் உள்ளே நுழைந்து அரியணை ஏறிவிட்டது. அரசாண்ட 'ஹுண்ட்' ஒதுங்கி, வேட்டை நாயை மட்டும் குறிக்கும் 'ஹவுண்ட்' ஆகச் சுருங்கிற்று. பன்றிக்கும் தவளைக்கும் கலைமானுக்கும் ஆங்கிலேயர் இட்ட பெயர்களும் இவ்வாறே ககர ஒலியில் முடிவதைக் கண்ட அறிஞர் சிலர், இவையெல்லாம் மக்கள் செல்லமாகவோ கொச்சையாகவோ வழங்கிய பெயர்கள் போலும் எனக் கருதினர். அதற்கு மேல் அறிந்தாரில்லை. உலகில் பெரும்பாலார் அறிந்த விலங்கின் பெயர், தாய் தந்தை தெரியாத பெயராக நிற்கிறது.

இவ்விடத்தில் மாணவர் விழித்துக்கொண்டனர். ஒரு மாணவி, "தமிழிலிருந்துதான் போயிருக்கும் ஐயா" என்றாள். வகுப்பே ஆர்ப்பரித்தது. நமக்கும் அந்த ஆர்ப்பரிப்பு உள்ளூர இனித்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆயினும் பகுத்தறிவு பேசுவோர் பிறர் பொய்யை மட்டுமே சோதிப்பவராக இருத்தல் கூடாதன்றோ? ஆகவே ஆத்திரேலியக் கதையைச் சொன்னோம். அந்நாட்டின் வடகிழக்கில் உம்பாபரம் என்றொரு தொல்குடி மொழி இருந்தது. 1960-களில் அதை ஆராயச் சென்ற டிக்சன் என்னும் மொழியறிஞர், நாய்க்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று முதியவர் ஒருவரைக் கேட்டார். 'டாக்' என்று விடை வந்தது! ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கினார்களோ என ஐயுற்று ஆராய்ந்தபோது, அது அவர்களின் சொந்தச் சொல்லே என்பதும், அண்டை மொழிகளில் வழங்கும் 'குடக' என்னும் சொல் ஒலிமாற்றங்களால் தேய்ந்து அவ்வாறு ஆயிற்று என்பதும் புலனாயிற்று. கடல் கடந்த இரு மொழிகள், ஒரே விலங்கு, ஒரே ஒலி. ஆயினும் உறவு ஒன்றுமில்லை. ஓசை ஒத்திருப்பது கொண்டே உறவு பேசலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாணவரின் முகம் சற்றே வாடிற்று. அதைப் பொறுக்க மாட்டாமல் நாம் ஒரு காரியம் செய்தோம். ஐயத்துக்கு இடமின்றித் தென்னாட்டு மொழிகளிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்களை வரிசையாக எழுதத் தொடங்கினோம். கட்டுமரம். சுருட்டு. கறி. மிளகுத் தண்ணீர். பெருச்சாளிக்கு அவர்கள் வழங்கும் பெயர், தெலுங்கில் 'பன்றி எலி' என்று பொருள்படும் பந்திகொக்கு. எழுத எழுத வகுப்பு நிமிர்ந்தது. நாமும் நிமிர்ந்தோம்.

அப்போதுதான் கடைசி விசிப்பலகையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். கையில் அட்டை கிழிந்த பழைய ஆங்கில அகராதி. விரலை ஓரிடத்தில் ஊன்றியபடி கேட்டான்: "ஐயா, இதுவும் தமிழ்ச்சொல்லுன்னு போட்டிருக்கு. பறைன்னு போட்டிருக்கு. நாயின்னும் போட்டிருக்கு. இத ஏன் பலகையில எழுதல?"

'பறையா' என்று ஆங்கிலத்தார் உச்சரிக்கும் சொல் அது. பறை முழக்குவோர் என்று தொடங்குகிறது பொருள். சமூகத்தால் விலக்கப்பட்டோர் என்று வளர்கிறது. அதனோடு 'டாக்' சேர்ந்ததும் இந்தியத் தெருக்களில் உரியவர் இன்றித் திரியும் நாய் என்று முடிகிறது. நாலே வரிகள். ஒரு மக்களினத்தின் தோள்மீது கிடந்த இசைக்கருவி, நாலே வரிகளில் நாயின் கழுத்தில் தொங்கும் பட்டயமாகிவிட்டது!

நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "அது பழைய சொல் தம்பி, இப்போது யாரும் வழங்குவதில்லை" என்றோம். பொய். அன்று மாலையே ஆங்கில நாளேடு ஒன்றில், பிற நாடுகள் உறவை அறுத்துக்கொண்ட ஒரு நாட்டைக் குறிக்க அதே சொல் நின்றது. ஆனால் பொய்யைவிடக் கொடியது அதற்கு முந்திய நொடி. சிறுவன் கேட்டதும் முன்வரிசையில் சிலர் திரும்பி அவனைப் பார்த்தனர்; வேறு சிலர் தலை கவிழ்ந்தனர். யார் திரும்பினர், யார் கவிழ்ந்தனர் என்பதைக் கொண்டே யார் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். நாம் பிறந்ததும் திரும்பிப் பார்ப்போரின் தெருவில்தான். இந்தக் கட்டுரையை அந்த இடத்திலிருந்தே எழுதுகிறோம் என்பதைத் தோழர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

குற்றம் எங்கே இருக்கிறது? சொல்லிலா, சொல்பவனிடமா, அல்லது அந்தச் சொல்லுக்குப் பொருள் ஊட்டிய ஊர் அமைப்பிலா? இதுதான் அன்றிரவு நம்மை உறங்கவிடாத கேள்வி.

முதலில் நாயின் பக்கம் நின்று பார்ப்போம். பழந்தமிழர் நாயை இழிவாக நினைத்தனரா? தொல்காப்பிய மரபியல் நாயின் குட்டிக்கு வழங்கும் மரபுப் பெயரைப் புலி, முயலின் பெயர்களோடு சேர்த்தே வகுக்கிறது. குருளை என்பது நாய்க்கும் பெயர், புலிக்கும் பெயர். நாயைப் பூழிநாட்டார் ஞமலி என்பர் என உரையாசிரியர் திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தந்தனர். யானை போன்ற பெரியவரின் நட்பைவிட நாய் போன்றாரின் நட்பே மேல் என்கிறது நாலடியார். பாகனைக் கொல்லும் யானையையும், எறிந்த வேல் உடலில் நிற்கவே வாலாட்டும் நாயையும் அருகருகே நிறுத்திக் காட்டுகிறது. இவற்றைவிடப் பெரிய சான்று கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு, ஏழாம் நூற்றாண்டினது. எருமைகளைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த வீரனுக்கு எடுத்த அக்கல்லில் அவன் நாயும் நிற்கிறது. அந்நாய்க்குப் பெயரும் பொறித்திருக்கின்றனர். கோவிவன்! கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் அங்கே உண்டு. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் நாயொன்று தன் பெயரோடு கல்லில் நின்ற நாடு இது.

இனிப் பறையின் பக்கம். பறை என்பது வெறும் தோற்கருவியின் பெயர் மட்டுமன்று. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் சொல்லுவதற்குப் 'பறயுக' என்றே வழங்குகின்றனர். போர் வந்தது, வெள்ளம் வந்தது, அறுவடை வந்தது, சாவு வந்தது என ஊருக்குச் சொன்ன கருவி அது. செய்தித்தாள் இல்லாத காலத்துச் செய்தித்தாள். அதை முழக்கியவர் ஊரின் நா. புறநானூற்றில் மாங்குடி கிழார் உயர்ந்த குடிகளாக எண்ணிய நான்கில் துடியன், பாணன், கடம்பன் என்பாரோடு பறையனும் ஒருவன். வேப்பமரக் கட்டையை வளைத்துத் தோலை இழுத்து ஒட்டி, தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, இரு கைக் குச்சிகளால் ஒருவர் அதை அடிக்கும்போது அருகில் நின்று கேட்டவருக்குத் தெரியும்: காது கேட்பதற்கு முன் மார்பு கேட்கும்.

இந்த இரண்டையும், கல்லில் பெயர் பெற்ற நாயையும், பாட்டில் குடி எனப் பெயர் பெற்ற மனிதனையும், ஒரே கயிற்றில் கட்டி ஊருக்கு வெளியே துரத்தியவர் யார்?

வெள்ளையன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. அந்த எளிய வழியை நாமும் ஒரு நாள் நினைத்துப் பார்த்தோம். ஆனால் ஏடுகள் விடவில்லை. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளரும் சுவபசரும் ஊருக்கு வெளியே வாழ வேண்டும் என்கிறது. அவர்களுக்கு உரிய செல்வம் நாயும் கழுதையுமே என்கிறது. சுவபசர் என்ற சொல்லின் பொருள் என்ன? நாயைச் சமைப்போர்! ஆங்கிலேயன் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதனையும் நாயையும் ஒரே சொல்லில் பூட்டிவிட்டனர். கற்றறிந்தோர் எல்லாவற்றையும் சமமாக நோக்குவர் எனச் சொல்லும் கீதையின் புகழ்பெற்ற சுலோகத்தில்கூட அந்தணன், பசு, யானை, நாய், அதன் பிறகே நாயைச் சமைப்போன் என்றுதான் வரிசை நிற்கிறது. சமநோக்குப் பேச வந்த இடத்திலும் வரிசையைக் கலைக்க மனம் வரவில்லை!

போர்த்துக்கீசியர் 1516-ஐ ஒட்டி எழுதிய குறிப்புகளிலேயே பறையர் என்னும் பெயர் இடம்பெற்றது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற இந்திய ஆங்கிலச் சொல்லகராதி இதற்குத் தனிப் பதிவே ஒதுக்கிற்று. பர்னல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர்; தமிழ் மண்ணை அறிந்தவர். இப்பெயருக்கு உரியோர் தமிழகத்தின் பெருந்தொகையான மக்கள் என்பதையும், சமூகத்தால் விலக்குண்டோர் என்ற பொருளில் ஐரோப்பியர் அதை ஆள்வது தவறு என்பதையும் அவர்கள் எடுத்துரைத்தனர். திருத்தம் சொன்ன அதே நூலில் அதே சொல்லை முன்னே ஒட்டிய நாய்க்கும், பருந்துக்கும், மட்டமான சாராயத்துக்கும் தனித்தனிப் பதிவுகள் நிற்கின்றன. திருத்தம் தூங்கிற்று, தவறு உலகைச் சுற்றிற்று.

இந்தப் பெயரைத் தெருநாய்க்குச் சூட்டிய ஆங்கிலேயனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். துரையின் வீட்டு முற்றத்தில் நின்று, அதோ அந்தச் சேரியைச் சுட்டி, அங்குள்ளோரைப் பற்றி அவன் காதில் ஓதியவர் யார்? சேரி மக்கள் அல்லர். அவர்களைத்தான் முற்றத்தில் விடவில்லையே! கணக்கு எழுதியவரும், மொழிபெயர்த்தவரும், நிலம் வைத்திருந்தவரும் அல்லவா துரையோடு பேசியவர்? ஆங்கிலேயன் எழுதுகோலைப் பிடித்தான். மையை ஊற்றியது நம் ஊர்.

தமிழ்நாட்டு நாய்களுக்கு இடப்பட்ட பெயர்களை ஒப்பிட்டாலே இது விளங்கும். பாளையக்காரரும் நிலக்கிழாரும் வளர்த்த வேட்டை நாய்களுக்கு இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என ஊர்ப்பெயர்கள் உண்டு. உரியவர் உள்ள நாய்க்கு ஊர் கிடைத்தது. உரியவர் அற்ற நாய்க்கு, ஊரே மறுக்கப்பட்ட மக்களின் பெயர் கிடைத்தது.

கடலுக்கு அப்பால் இச்சொல்லுக்கு ஒரு வேடிக்கையான வாழ்வும் அமைந்தது. பெர்னார்தென் தெ சேன்-பியேர் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1791-இல் 'இந்தியக் குடிசை' என்றொரு கதை வெளியிட்டார். மெய்ம்மையைத் தேடி உலகைச் சுற்றிய ஆங்கில அறிஞர் ஒருவர் செகந்நாதத்துக் குருமாரிடம் கேட்டு ஏமாந்து, புயல் மழையில் ஒதுங்கிய பறையர் குடிசையில் அதைக் கண்டடைகிறார் என்பது கதை. பாரிசில் கண்ணீர் விட்டுப் படித்தனர். அந்த ஆண்டில் தஞ்சையிலோ திருச்சியிலோ அந்தக் குடிசையில் ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடிக்க எவர் இருந்தார்?

நம் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு அகவை. நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருட்டிணன் 1940-இல் அதைக் கண்டறிந்து சொன்னார். மாணவரை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறோம். பட்டையின் வரி உண்டு, கணுவின் தழும்பு உண்டு, தொட்டால் கல். மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் கனிமம் புகுந்து மரத்தை வெளியேற்றிவிட்டது. அகராதியில் கிடக்கும் அந்தச் சொல்லைப் பார்க்கையில் நமக்குச் சாத்தனூர் நினைவுதான் வந்தது. பறை என்ற வடிவம் அப்படியே இருக்கிறது. இசை இருந்த அறைகளில் எல்லாம் வேறொன்று புகுந்துவிட்டது. வேற்றுமை ஒன்றுண்டு: கல்மரம் எவர் மீதும் எறியப்படுவதில்லை.

சொல்லை என்ன செய்வது? இதில் பாதிக்கப்பட்டோரிடையேயே இரு வழிகள் இருந்தன. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்க மறுத்தார். அது பகைவர் சூட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர், பூர்வத் தமிழர் என்றார். 1907-இல் தாம் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். அவருக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பாக, 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்கு வைத்த பெயர் 'பறையன்'! எந்தப் பெயரைச் சொல்லி வாயை அடைத்தார்களோ அந்தப் பெயரையே வாயாக்கிக்கொண்டார். ஒருவர் சேற்றைக் கழுவினார். மற்றவர் சேற்றை எறிந்தவன் முகத்தை நேரே பார்த்தார். பின்னர் 1922-இல் எம்.சி. இராசாவின் முயற்சியால் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றி, அரசு ஏடுகளில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இவ்விரண்டில் எது சரி எனத் தீர்ப்புச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. விருப்பமில்லை என்பதுகூடச் சரியன்று, உரிமையில்லை. அழைக்கப்பட்டவன் அந்தப் பெயரை வீசி எறியலாம், கொடியாக ஏந்தலாம். அழைத்தவன் வழிவந்த நாம் அவனுக்கு ஆலோசனை கூற முற்படுவது, அடித்தவனே மருந்துச் சீட்டு எழுதுவது போன்றது. நமக்கு உரிய வேலை வேறு. நம் வாயைச் சோதிப்பது.

"சொல்லில் என்ன இருக்கிறது? நிலமும் கூலியும் கல்வியும் மாறட்டும், சொல் தானே மாறும்" என்று நம் நண்பர் ஒருவர் வாதிட்டார். வலிமையுள்ள வாதம், அதில் பாதி உண்மை. பெயர்ப்பலகையை மாற்றியதால் எந்த வயிறும் நிறையவில்லை என்பது மெய்யே. ஆனால் நிலத்தை மறுத்த கை தயங்காமல் மறுத்ததற்குக் காரணம் என்ன? மறுக்கப்படுபவன் தன்னைப் போன்றவன் அல்லன் என்று அந்தக் கைக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்வதுதான் இத்தகைய சொல்லின் வேலை. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நாய் நடக்கத் தடையில்லை. மனிதன் நடக்கத் தடை. 1931-இல் காந்தியாரைச் சந்தித்த அம்பேத்கர், நாயினும் பூனையினும் கேடாக நம்மை நடத்தும் நாட்டைத் தாயகம் என்று எவ்வாறு சொல்வது எனக் கேட்டார். உவமையாகச் சொன்னது அன்று. கண்ட கணக்கைச் சொன்னார்.

இன்று பொது இடத்தில் சாதிப்பெயர் கூறி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் வேண்டும், ஆனால் சட்டத்துக்கு எட்டாத சொற்கள் எத்தனை! நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்ற பழமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று தொடங்கும் மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு நாயைப் பற்றியவை. உள்ளே இருப்பதோ, பிறவிக் குணம் மாறாது, பிறந்த இடத்தில் கிட என்னும் வருணத் தத்துவம். அதை நாம் வகுப்பறையில் சொல்லியிருக்கிறோம். கணக்கு வராத ஒரு பிள்ளையைப் பார்த்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன், சிரித்துக்கொண்டே சொன்னோம். வகுப்பும் சிரித்தது. அந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று அப்போது நாம் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறோம். பக்திப் பாடல்களில் தம்மைத் தாமே நாயேன் என்று சொல்லிக்கொண்ட அடியார்களைப் பகுத்தறிவு மேடைகளில் நாம் கேலி பேசியதுண்டு. தன்னை நாய் என்றவனைவிடப் பிறனை நாய் என்றவன் அல்லவா கேலிக்கு உரியவன்?

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சிங்கம் என்று அழைத்தால் நம்மவர் மகிழ்கின்றனர். தமிழ்நாட்டுக் காடு எதிலும் சிங்கம் கிடையாது. உயிர்க்காட்சிச் சாலையில் கூண்டுக்குள்தான் அதைக் கண்டிருக்கிறோம். இருந்தும் சுவரொட்டிகளில் எத்தனை சிங்கங்கள்! நம்மோடு வாழ்ந்து, நம் மிச்சிலை உண்டு, நம் வாசலைக் காத்த விலங்கின் பெயர் வசை. செருமனியின் ஓபர்காசல் என்னுமிடத்தில் 14,000 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழி ஒன்றில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அவர்களோடு ஒரு நாயும் கிடைத்தனர். அத்தனை பழைய தோழமைக்கு நாம் தந்த பரிசு இது.

மறுவாரம் அதே வகுப்புக்குச் சென்றோம். பலகையில் கட்டுமரம், சுருட்டு, கறி என்று மீண்டும் எழுதி, அவற்றின் கீழே விடுபட்ட சொல்லையும் எழுதினோம். சென்ற வாரம் நாம் சொன்னது பொய் என்று முதலில் சொன்னோம். பிறகு பறையின் கதை, மாங்குடி கிழார், கோவிவன், மனுநூல், பர்னல் என ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னோம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காக 2025-இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டதைச் சொன்னபோது, கடைசி விசிப்பலகைச் சிறுவன், "எங்க தாத்தாவும் அடிப்பாரு ஐயா" என்றான். சொல்லிவிட்டு முன்வரிசையைப் பார்த்தான். இம்முறை முன்வரிசையில் ஒருவன், "எத்தனை அடி தெரியும்?" என்று கேட்டான், சிறுவன் விசிப்பலகை விளிம்பில் விரலால் அடித்துக் காட்டினான். அதை நிறுத்தச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை; பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பறவை நூல் ஒன்றையும் கொண்டு போயிருந்தோம். நம் ஊர் வானில் வட்டமிடும் இரு பருந்துகளின் படங்களைக் காட்டினோம். வெண்தலையும் செம்மேனியும் கொண்டது செம்பருந்து. கருடன் எனக் கோயில் குடமுழுக்கில் கன்னத்தில் போட்டுக்கொள்வது இதைக் கண்டுதான். ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயர் பிராமணிப் பருந்து. மங்கிய பழுப்பு நிறத்தில் குப்பைமேட்டையும் இறைச்சிக் கடையையும் சுற்றுவது மற்றொன்று. நாய்க்கு இட்ட அதே பெயரை அவர்கள் இதற்கும் இட்டிருந்தனர். சலீம் அலி 1941-இல் வெளியிட்ட நூலில்கூட அந்தப் பெயர்தான் இருந்தது. இப்போது அதை நீக்கிக் கரும்பருந்து என வழங்குகின்றனர். தெருநாயையும் இந்திய நாட்டு நாய் என்று அழைக்கும் வழக்கம் பரவி வருகிறது என்று சொன்னோம். நல்ல செய்தியோடு பாடத்தை முடிக்கும் எண்ணம் நமக்கு.

சிறுவன் இரு படங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுக்குப் பேர மாத்திட்டாங்க சரி. அந்த பிராமணிக்கு என்ன பேரு வச்சாங்க ஐயா?"

"அதே பெயர்தான்" என்றோம். "அது மாறவில்லை."

"ஏன்?"

ஒன்றை இழிவு என்று கண்டோர் மற்றொன்றில் இழிவு எதையும் காணவில்லை போலும் என்றோம். அவனுக்கு அந்த விடை போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நமக்கும் போதவில்லை. அவன் நூலை வாங்கிச் செம்பருந்தைப் பற்றிய பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான்; அதன் உணவு என்ன என்று எழுதியிருந்த இடத்தில் விரலை நிறுத்தினான்.

"செத்த மீனு, நண்டு, எலின்னு போட்டிருக்கே. இதுல எது ஐயா செத்தத திங்கிறது?"

"இரண்டுந்தான் தம்பி" என்றோம்.